ஜொல்காபார்

கல்கத்தாவில் காளிகாட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் காலையில் எதிர்வீட்டு அணிமா மாஷி வாய் நிறைய வெற்றிலையோடு வாசலில் வந்து நின்று, "ஜொல்காபார் கேயேச்சோ, பௌமா?" என்று கேட்டாள்.

மாஷி என்றால் சித்தி. பௌமா என்றால் மருமகளே என்று கூப்பிடுவது. கேயேச்சோ என்றால் சாப்பிட்டாயா. இந்த ஊரில் தண்ணீரைக் குடிப்பதில்லை, 'சாப்பிடுவார்கள்' என்பதைச் சாவித்ரி முதல் நாளே தெரிந்துகொண்டுவிட்டாள். ஜொல்லுக்கு அவள் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் சொல்லிவரும் ஜலம்தானே அது? கொஞ்சம் வாயை உருட்டிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆக, சாப்பிடுகிற ஜலம் ஜொல்காபார். குடிக்கிற தண்ணீர். காலையில் ஜலம் குடித்தாயா என்று கேட்கிறாள், புண்ணியவதி.

சாவித்ரி சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு டம்ளர் ஆயிற்று.

மாஷிக்கு அது போதவில்லை போலிருக்கிறது. "வெறும் ரெண்டா?" என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவள், நாலு லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியுமாகத் திரும்பி வந்தாள்.

"பாத்தேளா?" என்றாள் சாவித்ரி கணவனிடம். "நம்ம பக்கம் சாப்டாச்சான்னு கேப்பா. இவா ஜலம் குடிச்சாச்சான்னு கேக்கறா. கூடவே பூரியும் தரா. எவ்வளவு தர்மமான ஜனம்!"

துறைமுகத்தில் அதிகாரியான ராகவேந்திரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். அந்த 'ம்' மட்டும் 'என்ன சொன்னாள்?' என்று இருந்திருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது. ஆனால் காலைப் பேப்பரோடு இருக்கும் ஆண்பிள்ளையிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியுமா?

தொண்ணூற்றேழாம் வருஷத்து மே மாதம் அது. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். அவர்களுடைய ஒரே பெண் மதுவுக்கு நாலு வயது. போன வருஷம் குழந்தைக்கு மூத்திரத்தில் கிருமி சேர்ந்து, காய்ச்சலில் துவண்டு, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "ஜலம் குடுத்துண்டே இருங்கோ. கேட்டாத்தான் குடுக்கறதுன்னு இருக்கப்படாது. விளையாட்டு மும்முரத்துல குழந்தைக்குத் தாகம் தெரியாது. மணிக்கொரு தரம் நீங்களாக் குடுக்கணும். இல்லாட்டா கிட்னி வரைக்கும் போயிடும்" என்று டாக்டர் சொன்னதைச் சாவித்ரி மந்திரம் மாதிரி வைத்திருந்தாள். வேளைக்கு விளக்கேற்றுவது தவறினாலும் மதுவுக்கு ஜலம் கொடுப்பது தவறாது. அதுவும் கொதிக்க வைத்து ஆற வைத்த ஜலம்தான். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

அலிப்பூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் சாவித்ரி வேலையில் சேரவேண்டிய நாள் வந்தது. ராகவேந்திரன் இரண்டு நாள் வேலையாக ஹால்தியா போயிருந்தார். குழந்தையை யாரிடம் விடுவது என்று அவள் கலங்கி நிற்கும்போது மாஷியே வந்து, மதுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் இருக்கிறேன், நீ போ" என்று சைகை காட்டினாள். பிள்ளைகுட்டி இல்லாத விதவை. அந்த இடுப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்த அழகைப் பார்த்ததும் சாவித்ரி கண்ணை மூடி, நாலு சந்து தள்ளி இருக்கும் காளிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு கூடையில் மாற்று கவுன், இட்லி டப்பா, ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் நிறையக் கொதித்து ஆறின ஜலம் எல்லாம் எடுத்து வைத்துக் கொடுத்தாள். பிறகு, இரண்டு நாளாக நோட்டில் எழுதி நெட்டுருப் போட்டிருந்ததைச் சொன்னாள். குழந்தையின் வயிற்றைத் தொட்டு, "டாக்டர் போலேச்சே. கிட்னி." குழாயைக் காட்டி, "ஜொல் தேபென் நா." கூடையைக் காட்டி, "ஜொல்காபார் தேபென். கொண்டாய் கொண்டாய்." டாக்டர் சொல்லியிருக்கிறார், அந்த ஜலம் கொடுக்காதீர்கள், இந்தக் குடிக்கிற ஜலம் கொடுங்கள், மணிக்கொரு தரம்.

மாஷியின் முகம் வெளுத்தது. "கிட்னி?" என்றாள். குழந்தையை ஒரு தரம் பார்த்தாள். "ஏக்தொம் நா?" கொஞ்சம்கூடவா?

"ஏக்தொம் நா" என்றாள் சாவித்ரி கண்டிப்பாக.

மாஷி தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். என்ன பொறுப்பு என்று சாவித்ரிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

*

அலுவலகத்தில் முதல் நாள். பக்கத்து மேஜை சந்தானம் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. பகல் மூன்று மணி வாக்கில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"ஏம்மா, காலையிலேர்ந்து பாத்துண்டிருக்கேன், ஒரு வாய் ஜலம் குடிக்கலையே? இது புழுக்கத்து ஊர். மயக்கம் போட்டு விழுந்தா முதல் நாளே ஆபீசுக்குக் கெட்ட பேர்."

"வேண்டாம் சார்." சாவித்ரி குரலைத் தாழ்த்தினாள். "லேடீஸ் பாத்ரூம் சாவி ஹெட்கிளார்க் கிட்ட இருக்காம். எல்லார் முன்னாடியும் போய்க் கேக்கணுமாம். அதனால இங்க பெண்கள் யாருமே ஜலம் குடிக்கறதில்லையாம்."

"அடக் கஷ்டமே! அந்தச் சாவிய நான் வாங்கித் தரேன், நீங்க குடியுங்கோ."

"எனக்கென்ன சார், நான் பெரியவ, தாங்கிப்பேன். என் குழந்தைக்கு மட்டும் மணிக்கொரு தரம் குடுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன், பெங்காலியிலயே!"

"ஓகோ! வந்து மூணு வாரத்துலயா? நான் பொறந்து அம்பத்தாறு வருஷமாச்சு, என் பெங்காலியக் கேட்டு மீன்காரன் இன்னும் சிரிக்கறான். எங்க, சொல்லுங்கோ பாப்போம்."

சாவித்ரி நோட்டை எடுக்கக்கூட இல்லை. பள்ளிக்கூடப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தாள். "டாக்டர் போலேச்சே, கிட்னி. ஜொல் தேபென் நா. ஜொல்காபார் தேபென், கொண்டாய் கொண்டாய்."

சந்தானம் கடகடவென்று சிரித்தார். "பேஷ்! ஜலம் குடுக்காதே, மணிக்கொரு தரம் டிபன் குடுன்னுட்டேளா? குழந்தை இன்னிக்கு லட்டு மாதிரி ஆயிருக்கும் போங்கோ!"

"டிபனா?"

"ஜொல்காபார்னா டிபன்மா. லூச்சி, பொரி, சந்தேஷ் ஸ்வீட். நீங்க குடி ஜலம்னா நினைச்சேள்? அதைத் திருப்பிப் போடணும். காபார் ஜொல். அதுதான் குடி..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

சாவித்ரி எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது அவளுக்கே தெரியவில்லை. ஜலம் கொடுக்காதே. டாக்டர் சொல்லியிருக்கிறார். கிட்னி. கொஞ்சம்கூடவா? கொஞ்சம்கூடக் கூடாது. ஒவ்வொரு வார்த்தையும் அவள் வாயில் வந்தபடியே, அவள் குரலிலேயே திரும்பி வந்தது. காலை ஒன்பது மணி. இப்போது மூன்றே கால். வெளியே தார் உருகுகிற வெயில்.

"சார், என் குழந்தை ஜலம் கேட்டிருப்பா" என்றாள். "அவளுக்கு ஜலம்னுதான் கேக்கத் தெரியும். மாஷிக்குப் புரிஞ்சிருக்கும். புரிஞ்சு, இல்லைன்னு சொல்லியிருப்பா. நான் சொன்னேன்னு."

சந்தானம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "நடங்கோ. டாக்ஸி பிடிக்கலாம். நானும் வரேன், உங்க பெங்காலிய நம்பி உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன்."

*

மாஷி வீட்டில் ஃபோன் கிடையாது. டாக்ஸி காளிகாட் பாலம் வரைக்கும் ஓடிவந்து அப்படியே நின்றது. கோயிலுக்கு வந்த கூட்டம், தள்ளுவண்டி, ரிக்ஷா, நடுவில் படுத்துக்கொண்ட மாடு. சாவித்ரி கதவைத் திறந்து இறங்கி ஓடினாள். பாலத்துக்குக் கீழே ஆதி கங்கைக் கால்வாய் கறுப்பாகக் கிடந்தது. பெட்டிக்கடையில் ஒருவன் தண்ணீரை வாளியோடு எடுத்து வாசலில் தெளித்துக்கொண்டிருந்தான். குழாயடியில் ஒரு சிறுமி நாய்க்குட்டியைக் குளிப்பாட்டினாள். ஊரெல்லாம் தண்ணீராக இருந்தது. தெரு நாய்க்குக்கூடக் கிடைக்கிற தண்ணீர்.

தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன பாவம் ஏழு ஜன்மத்துக்கும் தொடரும் என்று அவள் அப்பா சொல்வார். அம்மா, தாயே, அந்தப் பாவம் என்னுடையது, குழந்தை மேல் இறக்காதே என்று ஓடிக்கொண்டே வேண்டினாள்.

மாடியில் மாஷி வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது. கரண்ட் இல்லை. ஜன்னல் பலகைகளைச் சாத்தி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். தரையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் மது படுத்திருந்தாள். மாஷி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கிண்ணங்கள். பொரி, பிஸ்கட், பாதி கடித்த சந்தேஷ், ஆறிப்போன லூச்சி. மணிக்கொரு தரம்.

"மது! மதுக்குட்டி!"

குழந்தை கண்ணைத் திறந்தாள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள். முகம் கோணியது, வாய் திறந்தது, கரகரவென்று சத்தமும் வந்தது. ஆனால் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

கண்ணீர் இல்லாமல் ஒரு குழந்தை அழுவதைச் சாவித்ரி அதுவரை பார்த்ததில்லை. அப்படியே மண்டியிட்டு விழுந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாஷி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஏதேதோ சொன்னாள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த சந்தானம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"என்ன சார் சொல்றா?"

"மன்னிப்புக் கேக்கறாம்மா."

"எதுக்கு?"

"நீங்க சொன்னபடி ஜலம் குடுக்கலையாம். குழந்தை கண்ணுல படக்கூடாதுன்னு உங்க ஃபிளாஸ்கைத் துணி போட்டு மூடி அலமாரி மேல வெச்சுட்டாளாம். மத்தியானம் குழந்தை ரெண்டு தரம் வாந்தி எடுத்துதாம். அப்பவும் குடுக்கலையாம். ஆனா மூணு மணிக்கு அது தரையை நக்கறதைப் பாத்தாளாம். ஈரத்துணி பட்ட இடத்தை. அதுக்கு மேல பொறுக்க முடியல, கீழே ஓடிப்போய்..." சந்தானம் ஓரத்திலிருந்த ஒரு கிண்ணத்தைக் காட்டினார். "நுங்கு வாங்கிண்டு வந்து குடுத்தாளாம். ஆறு. ஜலம் இல்லை, பழம்தானேன்னு தன்னையே ஏமாத்திண்டு குடுத்துட்டாளாம். அதுக்குள்ளயும் ஜலம் இருக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன், குழந்தை இப்படிக் கிடக்கறது அதனாலதான், என்னை மன்னிச்சுடு பௌமாங்கறா."

சாவித்ரி மாஷியைப் பார்த்தாள். மாஷி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவ புருஷன் கிட்னி கெட்டுத்தான் போனாராம்" என்றார் சந்தானம். "ஜலம் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாராம். அவர் கெஞ்சினார்னு ஒரு டம்ளர் குடுத்தாளாம். மறுநாள் போயிட்டாராம். பதினோரு வருஷமா அந்த டம்ளரை எடுத்துக் குடிக்கறதில்லையாம். இன்னிக்கும் அதே தப்பைப் பண்ணிட்டேன்கறா."

"சார்." சாவித்ரி அவர் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னோடதுன்னு சொல்லுங்கோ. அந்த வார்த்தைய நான் திருப்பிப் போட்டுட்டேன்னு சொல்லுங்கோ. இப்பவே சொல்லுங்கோ."

அவர் சொன்னார். மாஷி கேட்டாள். முதலில் புரியவில்லை. "காபார் ஜொல்?" என்றாள். "ஜொல்காபார்?" என்றாள். இரண்டு வார்த்தையையும் இரண்டு கையில் வைத்துப் பார்ப்பவள் போல இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அந்தத் துணிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைச் சாவித்ரி ஆயுசுக்கும் மறக்கவில்லை.

*

சந்தானம் ஓடிப்போய்க் கூட்டிவந்த தெருமுனை டாக்டரின் பெயர் குண்டு. ஆள் மூங்கில் குச்சி. வேறு நாளாக இருந்தால் சாவித்ரி சிரித்திருப்பாள். அவர் குழந்தையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தார், வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் மெதுவாகத்தான் படிந்தது. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று இங்கிலீஷில் கேட்டார். காலையில், வீட்டில், எட்டரைக்கு.

"நினைவு இருக்கிறது, குடிக்கப் பார்க்கிறாள். நல்லது" என்றார். பொட்டலம் ஒன்றைச் சாவித்ரியிடம் கொடுத்தார். "ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் முழுசையும் கரைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் கொடுக்காதீர்கள், மொத்தமாகக் குடித்தால் வாந்திதான் வரும். ஸ்பூனால். நிமிஷத்துக்கு ஒன்று. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஏழு மணிக்குள் ஒன்றுக்குப் போய்விட்டால் பயமில்லை. போகவில்லை, அல்லது கூப்பிட்டால் முழிக்கவில்லை என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி." பிறகு கிண்ணத்தில் கிடந்த நுங்குத் தோலைப் பார்த்தார். "இதைக் கொடுத்தது யார்?"

மாஷி குற்றவாளி போல முன்னால் வந்தாள்.

"இது இல்லாவிட்டால் இப்போதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருப்போம்" என்றார். அதையே பெங்காலியிலும் சொன்னார்.

கொதித்து ஆறின தண்ணீருக்கு எங்கே போவது என்று சாவித்ரி ஒரு நிமிஷம் திகைத்தாள். மாஷி நாற்காலியில் ஏறி, அலமாரி மேல் துணி மூடி வைத்திருந்த ஃபிளாஸ்கை எடுத்துக் கொடுத்தாள். காலையில் கொடுத்த கனத்தோடேயே இருந்தது.

நாலேகாலுக்கு முதல் ஸ்பூன். சாவித்ரி மடியில் குழந்தை, மாஷி கையில் ஸ்பூன், சந்தானம் கையில் கடிகாரம். "ம்" என்று அவர் சொல்ல, ஒரு ஸ்பூன். "ம்." இன்னொன்று. சாவித்ரியின் உதடு தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. சகஸ்ரநாமத்தில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாமம், ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். முப்பதாவது ஸ்பூனில் மது வாந்தி எடுத்தாள். பத்து நிமிஷம் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் போல நீளமான ஒன்றை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து.

ஐந்தரைக்கு மது, "இது உப்பா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்டி கண்ணே, இருக்கட்டும்" என்றாள் சாவித்ரி.

அப்போதுதான் மாஷி கையிலிருந்த ஸ்பூன் நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். சந்தானம் தாங்கிப் பிடித்தார், கீழே ஓடிப்போய் டாக்டரை மறுபடி கூட்டிவந்தார். டாக்டர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். மாஷியின் நாக்கும் மதுவின் நாக்கு மாதிரியே இருந்தது.

"இவர் எப்போது தண்ணீர் குடித்தார்?"

மாஷி தலையைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் அதட்டினார். அவள் சொன்னதைச் சந்தானம் தமிழில் சொன்னார்.

"காலையிலேர்ந்து குடிக்கலையாம். குழந்தை பாக்கப் பாக்க நான் எப்படிக் குடிக்கறதுங்கறா. சரி, சமையலறையில் போய்க் குடிக்கலாமேன்னு நினைச்சாளாம். அதுவும் முடியலையாம்."

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள்?" என்றார் சாவித்ரியிடம். அவள் தலையைக் குனிந்தாள். காலை எட்டு மணிக் காப்பி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று ஏதாவது விரதமா?" என்று கத்தினார் டாக்டர் குண்டு. "தெரியாமல் ஒருத்திக்கு மறுத்தீர்கள், மற்ற இரண்டு பேர் தெரிந்தே மறுத்துக்கொண்டீர்கள். பெரியவர்கள் உடம்பு என்ன, இரும்பா?"

சாவித்ரி மதுவைச் சந்தானம் மடியில் மாற்றிவிட்டு எழுந்து போனாள். சமையலறை மூலையில் மண்கூஜா இருந்தது. பக்கத்து அலமாரியில் ஒரு பித்தளை டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அது எந்த டம்ளர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்துக் கழுவி, நிறைய ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

மாஷி டம்ளரைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"மாஷி," என்றாள் சாவித்ரி. இந்தத் தடவை நோட்டில் எழுதாத வார்த்தைகள். ஒவ்வொன்றாக, பயந்து பயந்து வைத்தாள். "காபார்... ஜொல்."

மாஷி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடிக்கத் தொடங்கினாள். பாதி டம்ளர் ஆனபோது அவள் கண்ணிலிருந்து வழிந்தது. இதோ, பெரியவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று சாவித்ரி நினைத்தாள். மீதிப் பாதியை மாஷி அவளிடம் நீட்டினாள். சாவித்ரி எச்சில் பார்க்கவில்லை, அண்ணாந்தும் குடிக்கவில்லை. டம்ளரை உதட்டில் வைத்தே குடித்தாள்.

ஆறு மணி இருபது நிமிஷத்துக்குக் கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. அப்போது மது மாஷி மடியில் இருந்தாள். சந்தானம் "ம்" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. மாஷியின் வெள்ளைப் புடவையில், மடிக்கு நடுவில், ஒரு ஈரம் தோன்றி மெதுவாகப் பரவியது.

பிறகு மாஷி, "ஓ மா! ஓ மா கோ!" என்று கூவினாள். சாவித்ரி தரையில் விழுந்து வணங்கினாள். எதை வணங்கினாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கோயில் இருந்த திசையா, மாஷியின் காலா, அந்த ஈரமா.

"மாஷி, நனைச்சுட்டேன்" என்றாள் மது வெட்கத்தோடு. மாஷிக்கு அந்தத் தமிழ் புரிந்தது. புடவையை மாற்றிக்கொள்ளும்படி சந்தானம் இரண்டு தரம் சொன்னார். அவள் எழுந்திருக்கவே இல்லை. ஈரத்தோடேயே குழந்தையை அணைத்துக்கொண்டு, அடுத்த ஸ்பூனுக்குக் கையை நீட்டினாள்.